குழாயைப் பார்க்கும் கதவுகள்

விவேக் நகர், பெங்களூர்
9-2-1997

அன்புள்ள பார்கவி அக்காவுக்கு,

பம்பாய் ஆபீஸ் பழகிவிட்டதா? கல்லூரிக்கு நம் ஆபீஸ் வரைந்து தரும் மாணவர் மன்றக் கட்டிடம் பற்றிய கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டீர்களாம். பேச வந்தால் ஏன் எழுதுகிறேன்?

கல்லூரி மதிலுக்குப் பின்னால்தான் எங்கள் சந்து. அங்கே எல்லாக் கதவும் நடுவிலிருக்கும் குழாயைப் பார்க்கும். தண்ணீருக்கு வருகிறவர்கள் சண்டை போட்டாவது பேசிவிடுவார்கள். மன்றத்தின் அறைகளும் அப்படி ஒரு முற்றத்துக் குழாயைப் பார்த்தால், என்னைப் போன்ற வாயில்லாப் பூச்சிகளும் நாலு பேரோடு பழகும். மதிலில் ஒரு வாசல் வைத்தால் சந்துப் பிள்ளைகளும் வந்து படிக்கலாம்.

உங்கள் தங்கை,
காந்தா

பம்பாய்
24-2-1997

பிரியமுள்ள காந்தாவுக்கு,

குழாய் யோசனையைக் கல்லூரிக்காரர்கள் கொண்டாடிவிட்டார்கள். வாசலுக்கும் சரி என்றார்கள். உங்கள் சந்து முழுவதையும் அளந்து வரைந்து அனுப்பு. யார் வீடு எது, எந்தச் சுவர் எங்கே முடிகிறது, எல்லாம் வேண்டும். மல்லேஸ்வரம் பக்கம் போனால் என் அம்மா கையால் ஒரு காபி குடித்துவிட்டு வா.

அன்புடன்,
பார்கவி

விவேக் நகர்
16-3-1997

அன்புள்ள அக்கா,

வரைபடமும் ஒரு புகைப்படமும் இத்துடன். எதிர்வீட்டு ரத்தினம்மாள் அத்தைதான் அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். "எங்க வூட்டையும் காலேஜ்ல சேத்துக்கப் போறியாடி? பீஸெல்லாம் கட்ட முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று ஒரே கேலி. வாசல் வரப்போகிறது என்றேன். "நம்ம சந்துல படிச்ச பொண்ணு நீ ஒருத்திதான். நீ சொன்னா சரி" என்றார்.

காந்தா

விவேக் நகர்
20-7-1997

அக்கா,

இன்று காலை கல்லூரி ஆட்கள் போலீஸோடு வந்தார்கள். நிலம் அவர்களுடையதாம். காலி செய்ய வேண்டுமாம். கையில் என் வரைபடம். குழாய்க்கு நான் போட்ட நீல வட்டம்கூட அப்படியே இருந்தது. வீடுகளின் மேல் மட்டும் யாரோ சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். அது எப்படி அவர்களிடம் போனது? நீங்கள் பேசினால் கேட்பார்கள். தயவுசெய்து உடனே பேசுங்கள்.

காந்தா

பம்பாய்
2-11-1998

காந்தா,

நீ இருக்குமிடம் தெரியாததால் நம் பெங்களூர் ஆபீஸுக்கு எழுதுகிறேன். பதில் தாமதம்தான், மன்னித்துக்கொள். கார் நிறுத்த இடம் பார்க்க வேண்டும், சந்தின் வரைபடம் கொடுங்கள் என்று கல்லூரிக்காரர்கள் கேட்டார்கள். வேலை கொடுத்தவர்கள், எப்படி மறுப்பது?

கட்டிடத்துக்கு விருது கிடைத்திருக்கிறது. 'சுற்றுப்புறத்திலிருந்து பிறந்த கட்டிடம்' என்று பாராட்டியிருக்கிறார்கள். உன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சான்றிதழ் அனுப்ப முகவரி எழுது.

பார்கவி

பெங்களூர்
29-11-1998

பார்கவி அவர்களுக்கு,

திறப்பு விழாவுக்குப் போய்ப் பின்னால் நின்றிருந்தேன். முற்றத்தில் குழாய் இருக்கிறது. தண்ணீர் வராது, அழகுக்காம். மதிலில் வாசல் இல்லை. உள்சுவரில் நான் அனுப்பிய எங்கள் சந்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ரத்தினம்மாள் அத்தை டேப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அவர் இப்போது ஊருக்கு வெளியே, எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லாத்தான் அளந்தே காந்தா. இடிக்கிறப்போ ஒரு வூடுகூடத் தப்பலே" என்றார்.

சான்றிதழைப் பழைய முகவரிக்கே அனுப்புங்கள். அங்கே கார் நிறுத்துகிறவர்கள் யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

காந்தா