இருபத்தைந்து நாள் இடைவெளி

ஜூன் 4
மக்காச்சோளம் விதைத்தாயிற்று. இடுப்பு இன்னும் வயலிலேயே கிடக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் மச்சினன், மரபணு மாற்றிய ரகம். இந்தப் பக்கம் நான், இயற்கைச் சான்றிதழோடு. இரண்டும் ஒரே சமயம் பூத்தால் அவன் மகரந்தம் காற்றேறி வந்து என் கதிரில் உட்காரும். அதனால் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு: முதலில் நான், இருபத்தைந்து நாள் கழித்து அவன். நடுவர் என் மனைவி. தம்பி பக்கம் சாயும் நடுவர்.

ஜூன் 13
வரப்போரப் பத்து வரிசையில் பறவைகள் விதையைப் பொறுக்கிவிட்டன. நாளைக்கே மறுபடி ஊன்ற வேண்டும்.

ஜூன் 20
நாளைக்கு.

ஜூன் 29
காலிக் குழிகளில் ஊன்றிக்கொண்டிருந்தேன். மச்சினன் சொன்ன தேதிக்கு டிராக்டரோடு வந்து நிற்கிறான்.
"என்ன மாமா, குனிஞ்சே நிக்கிறீங்க?"
"களை பாக்குறேன் மாப்ள."
மடி நிறைய விதை.

ஆகஸ்ட் 24
இரண்டு பக்கமும் பூ. என் பழைய செடிகள் எப்போதோ பூத்து ஓய்ந்துவிட்டன; பிந்தி ஊன்றியவை மட்டும் அவன் செடிகளோடு சேர்ந்து ஆடுகின்றன. நாலு செடிதானே – நாலா? நானூறு இருக்கும்.

அக்டோபர் 16
சான்றிதழ் ஆய்வாளர் எடுத்துப்போன கதிர்களில் அவன் ரகம் கலந்திருக்கிறதாம். முடிவெட்டப் போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "மச்சினன் தேதி தப்பி விதைச்சிருப்பான்" என்றேன். பாதித் தலை முடிவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்டோபர் 17
மனைவி தம்பிக்கு போன் போட்டாள். "கூடப் பொறந்தவன்னு நம்பினேன்டா." அவன் ஏதோ சொல்லச் சொல்ல வைத்துவிட்டாள். நான் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. சொல்லித் தொலைச்சா என்ன? ஊர்க்கதைன்னா மட்டும் இந்த வாய்க்கு எங்கிருந்து வருது?

அக்டோபர் 22
அக்காவும் தம்பியும் இன்னும் பேசவில்லை. நாளை ஆய்வாளர் வருகிறார். தப்பு அவனுடையது என்றால் என் சான்றிதழ் தங்கும், அவன் இனி அந்த ரகம் இங்கே போட முடியாது. என்னுடையது என்றால் எனக்கு இரண்டு வருடம் சான்றிதழ் இல்லை. வயல் பதிவேட்டில் ஜூன் 4 மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஜூன் 29 இந்த நோட்டில்தான் இருக்கிறது. வேறு எவனுக்கும் தெரியாது.
அலுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 23
நோட்டை நீட்டிவிட்டேன். ஆய்வாளர் இரண்டு தடவை படித்தார். "களை பாக்குறேன்னா சொன்னீங்க?" என்று சிரிக்காமல் கேட்டார். மச்சினன் சிரித்துவிட்டான். மனைவி சிரிக்கவில்லை. ஆய்வாளர் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 15
புது நோட்டு. சான்றிதழ் இல்லாமலே இயற்கை முறைதான். வேறு எதுவும் இந்த இடுப்புக்குத் தெரியாது. பறவைகள் இந்த வருடமும் தவறாமல் வந்து போயின. காலிக் குழிகளை அப்படியே விட்டுவிட்டேன். மச்சினன் வரப்பில் நின்று பார்த்தான்.
"பல்லு போன வாய் மாதிரி இருக்கு மாமா."
"இருக்கட்டும் மாப்ள."
அவன் விதைக்க இன்னும் இரண்டு வாரம். பிளாஸ்கில் வந்த டீயில் முதல் தம்ளர் அவனுக்கு. நடுவர் உத்தரவு.