இடது கம்பம், வலது கம்பம்

மார்ச் 1, ஞாயிறு

மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிய பிறகு உன்னைத் திறக்கிறேன், கையெழுத்தும் கோழி கிளறியது போல இருக்கிறது. என்ன செய்ய, குட்டி இப்போதுதான் தூங்கினான்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம்!

'நாங்கள்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. படித்து முடித்து ஆறு வருஷம் ஆகிறது. படித்த காலத்திலும் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனாலும் என் கல்லூரிப் பெண்கள் கால்பந்து ஆடினால் மறுநாள் கால் வலிப்பது எனக்குத்தான். இவரைச் சந்தித்ததும் அந்த மைதானத்தின் கிழக்கு மூலையில். இவர் முரசு அடித்தார், நான் காதைப் பொத்திக்கொண்டு முறைத்தேன். இப்போது அந்த முரசு எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, கட்டிலில் இரண்டு வயசுப் பையன் குறுக்கே கிடக்கிறான்.

அரையிறுதி, ஒன்றுக்குப் பூஜ்யம். எல்லாம் எங்கள் கோல்கீப்பரால். மூன்றாம் ஆண்டு மாணவி, கிழக்கு மூலையில் கூடுகிற எங்கள் ரசிகர் கூட்டம் வைத்த பெயர் சுவர். முதல் பாதி முடிகிற நேரத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் தலையில் இடித்தது. விழுந்தாள், எழுந்தாள், பந்தை மட்டும் விடவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாற மறந்து பழைய கோலிலேயே போய் நின்றாள் பார், அதுதான் வேடிக்கை. "ஏய் சுவரு, உன் வீடு இந்தப் பக்கம்!" என்று கத்தியது நான்தான். மூலையே சிரித்தது.

ஒவ்வொரு பாதிக்கும் முன்னால் அவள் செய்கிற சடங்கு ஒன்று உண்டு: இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு, குதித்து மேல் கம்பத்தில் ஒரு தட்டு. குட்டி இப்போது படுக்கையறைக்குள் நுழையும்போதெல்லாம் கதவு நிலையில் அதையே செய்கிறான். குதித்துப் பின்பக்கம் தரையில் பட உட்காருகிறான். வரிசையை இதுவரை மாற்றியதில்லை. அவளும் சரி, இவனும் சரி.

மார்ச் 2, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வேலையில் எல்லோரிடமும் சைகைதான். இறுதி ஆட்டம் வரும் ஞாயிறு. நான் படித்த காலத்தில்கூட எங்களுக்கு இறுதி கிடைத்ததில்லை.

மார்ச் 4, புதன்

எப்படி எழுதுவது?

நான் வேலை செய்யும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று குட்டி மடியில் உட்கார்ந்து கைதட்டுவதை எடுத்த வீடியோ. இரண்டாம் பாதி தொடங்குவதற்குச் சற்று முன். நான் பார்த்தது அவன் புதுப் பல்லை. இன்றைக்குத்தான் அவன் காதுக்குப் பின்னால் தெரிகிற கோலைப் பார்த்தேன்.

தடுப்பாட்டக்காரி ஒருத்தி சுவரைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்து விடுகிறாள். சுவர் இடது கம்பத்தைத் தட்டுகிறாள். நிற்கிறாள். மறுபடி இடது கம்பம். கையைப் பார்க்கிறாள். மறுபடியும் இடது. வலது கம்பம் பக்கம் போகவேயில்லை. மேல் கம்பத்தையும் தொடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கையுறைகளின் கட்டைவிரல் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடக்கை உறை வலக்கையில்!

மூன்று கம்பத்தையும் தட்டாமல் அவள் ஒரு பாதியைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. கையுறையை மாற்றிப் போடுகிற கோல்கீப்பர் உலகத்தில் உண்டா?

நாங்கள் சிரித்தோமே. நான் கத்தினேனே, ஐயோ.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் காட்டினேன். இவர் பேனர் அச்சடிக்கிற கடையில் வேலை. சுவரின் படத்தோடு இருபதடி பேனர் நேற்றே அடித்துச் சுருட்டி வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார். அதைத் தாண்டித்தான் சமையலறைக்கே போகவேண்டும்.

இரண்டு தடவை பார்த்தார். "அவசரத்துல மாத்திப் போட்டிருப்பா."

"கம்பம்?"

"படபடப்பு. நீ குட்டி கொட்டாவி விட்டாலே டாக்டருக்கு ஃபோன் பண்றவ."

உண்மைதான். போன மாதம் அவன் நாக்கு நீலமாகிவிட்டது என்று நான் ஓடிய ஓட்டமும், அது மிட்டாய்ச் சாயம் என்று நர்ஸ் சொன்னதும் ஊருக்கே தெரியும். மூலையில் எனக்குப் பெயர் ஆம்புலன்ஸ் அக்கா. வைத்தது மூலையின் தலைவர், தகர ஷீட்டைத் தட்டி ஆட்டம் போடுவதால் அவர் பெயர் தகரம். அவருக்கும் வீடியோவை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதை யாருக்கும் அனுப்பாதீங்க. ரெண்டாவது கீப்பர் முதல் வருஷப் பொண்ணு, பந்தைப் பார்த்தா கண்ணை மூடிக்குது. சுவரு இல்லாம நாம என்ன பண்றது?"

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கப்பை வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போவோம். நான் தூக்கிட்டுப் போறேன், போதுமா?"

இவர் நல்லவர், தகரமும் நல்லவர். ஒருத்தருக்குக்கூட அவள் தலைக்குள் என்ன என்று கேட்கத் தோன்றவில்லையே, அதுதான் எனக்குப் பயம். ஒருவேளை நான்தான் மறுபடியும் மிட்டாயைப் பார்த்து அலறுகிறேனா? பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் சந்தேகமாக இருந்தால் சிவப்புச் சீட்டை ஒட்டி மொத்தத்தையும் நிறுத்திவிடுவேன். யாரையும் கேட்கமாட்டேன். அங்கே இருக்கிற தைரியம் இங்கே எங்கே போயிற்று?

மார்ச் 6, வெள்ளி

சுவரின் அம்மாவைப் பார்த்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஆட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் தனியாக உட்காருவார், பந்து மகளை நெருங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பள்ளிக்குப் பின்னால் பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடியோவைப் பார்த்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "மறுபடி போடுங்க" என்றார். மூன்றாம் தடவை முடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிச்சம் கூசுதுன்னு திரையை இழுத்து விட்டுக்கிட்டே படுத்திருக்கா. மேட்ச் பயம்னு நெனச்சேன். நேத்து காலையில, 'அம்மா என் ஷூ எங்கே'ன்னு வீடு முழுக்கத் தேடினா. ஷூ அவ கால்லயே இருந்துச்சுங்க. நான் சிரிச்சேன்."

அவரும் சிரித்திருக்கிறார்.

நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். வீடு வரும் வழியெல்லாம் மூச்சு லேசாக இருந்தது.

மார்ச் 7, சனி

போகவில்லை. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து, விரலைக் காட்டி எண்ணச் சொல்லி, "நல்லாத்தான் இருக்கா" என்றாராம். எமர்ஜென்சிக்குப் போங்கள் என்றேன். "சாப்பிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கிற பொண்ணை அங்கே கூட்டிட்டுப் போய் என்னன்னு சொல்ல? ஒரே ஒரு மேட்ச்தானேம்மான்னு அவ கால்ல விழாத குறை. என்னால முடியலைங்க" என்று அவள் அம்மா அழுதார்.

பயிற்சியாளருக்கு நானே அழைத்தேன். யார் பேசுவது என்று கேட்டார். ரசிகை என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மூலை நிரம்பி வழிந்தது. பேனரைக் கம்பியில் கட்டிவிட்டார்கள், இருபதடிக்குச் சுவர் சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜமான சுவர் கோலுக்கு நடந்து வந்தாள். எனக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். வரிசையாகத் தட்டிவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன்.

இடது கம்பத்தைத் தட்டினாள். வலது பக்கம் நடந்தாள். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பாதி வழியில் நின்றாள், எதற்கு வந்தோம் என்பது போல. திரும்பி வந்தாள். இடது கம்பம். இடது கம்பம்.

குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து மைதானத்துக்குள் போய்விட்டேன்.

மூலையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எது நடந்தாலும் புல்லில் கால் வைக்கக்கூடாது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று முதுகில் வந்து விழுந்தது. பிறகு முரசு நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை, நின்றது யார் கை என்று தெரியும்.

நடுவர் ஒரு பெண். "வெளியே போங்க! குழந்தையை வேற தூக்கிட்டு—"

"போறேன். அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இன்னைக்கு என்ன மேட்ச்னு கேளுங்க. சரியாச் சொன்னா என்னைப் போலீஸ்லகூடக் குடுங்க."

என் முகத்தில் என்ன இருந்ததோ, நடுவர் சுவரிடம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கேட்டார்.

சுவர் சிரித்தாள். அவ்வளவு மரியாதையாக, வகுப்பில் பதில் சொல்வது போல. "அரையிறுதி மிஸ். இதுல ஜெயிச்சா ஃபைனல்."

நடுவர் என்னைப் பார்த்தார். நான் நடுவரைப் பார்த்தேன். குட்டி மட்டும் "சுவரு! சுவரு!" என்று கையை நீட்டினான்.

அதற்குப் பிறகு விசில், ஸ்ட்ரெச்சர், கடைசி வரிசையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்த அம்மா. முதல் வருஷப் பெண் கோலில் நின்றாள். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். நான் பார்க்கவில்லை, மைதான வாசலுக்கு வெளியே நின்று சத்தத்தை எண்ணினேன். முடியும் முன்பே இவர் முரசோடு வெளியே வந்தார். குட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர், "அரையிறுதின்னா சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 9, திங்கள்

மூளைக்கு மேலே மெல்லிய ரத்தக் கசிவாம். அவள் அம்மா அழைத்தார். "'இன்னொரு தடவை இடி பட்டிருந்தா...'ன்னு டாக்டர் ஆரம்பிச்சார். அதுக்கு மேல சொல்லலைங்க."

அவர் ஃபோனை வைத்த பிறகும் நான் என்னுடையதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

மூலைக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஒரு வருஷம் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று கல்லூரியிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். இவர் முரசைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். "நீங்க போங்களேன்" என்றேன். "போய் யார் காதைப் பொத்த வைக்கிறதாம்?" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

சாயங்காலம் வாசலில் தகரம். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"அக்கா... என் பொண்ணு சைக்கிள்ல விழுந்துட்டா. நல்லாத்தான் பேசுறா. ஆனா ரெண்டு தரம் வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"இப்பவே கிளம்புங்க" என்றேன். ஓடினார். ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். நல்லது. மிட்டாயாகவே இருக்கட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

சுவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த வருஷம் பந்து கிடையாது. அடுத்த வருஷமும் சந்தேகம். ஃபோன் திரையைப் பார்க்கக்கூடாது என்பதால், செய்தி வந்தால் அம்மாதான் வாசித்துக் காட்டுகிறார். என்மேல் கோபமா என்று கேட்டேன். "இருக்குங்க. ஆனா சில நாள் எதுக்குக் கோபம்னு மறந்து போயிடுறா" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு தடவை அடித்து அழித்து, கடைசியில் இன்று இவ்வளவுதான் அனுப்பினேன்:

'சுவரு, நான் ஆம்புலன்ஸ் அக்கா. கோபம் இருந்தால் அப்படியே இருக்கட்டும், அவசரமில்லை. வீட்டில் ஒரு சண்டை, நீதான் தீர்த்துவைக்க வேண்டும். என் பையன் கதவு நிலையில் தினமும் உன்னை மாதிரியே தட்டிக் குதிக்கிறான். வலது கம்பம்தான் முதலில் என்று அவன் அப்பா வேண்டுமென்றே அவனைச் சீண்டுகிறார், இவன் அழுகிறான். எந்தக் கம்பம் முதலில் என்று நீயே சொல். அம்மாவிடம் சொன்னால் போதும், அவர் அனுப்புவார். சீக்கிரம் பதில் போடு.'