மூன்றாம் அறையில் விரிசல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடி.

என் பெயரில் நீ எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதம் கிடைத்தது. கையெழுத்தை மட்டும் போடு, வேலை தப்பிக்கும் என்கிறாய். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய், பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டருக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஆனால் "அறியாமல் செய்த பிழை" என்று போட்டிருக்கிறாயே, நான் அறிந்தேதான் செய்தேன்.

நம் அலைதடுப்புச் சுவருக்குள் எட்டு அறைகள் இருப்பது உனக்குத் தெரியும். அலை உள்ளே ஏறி, காற்றை மேலே தள்ளி, மின்சாரத்துக்காக டர்பைனைச் சுழற்றுகிறது. புயல் வந்தால், அறையிலிருந்து டர்பைனுக்குக் காற்று போகும் எல்லா வால்வையும் மூட வேண்டும் என்பது உத்தரவு. ஏழு அறைகளை மூடினேன். மூன்றாம் அறையை மூடவில்லை. அதன் கூரையில் விரிசல். மூடியிருந்தால் அடைபட்ட காற்று கூரையைப் பிளந்திருக்கும், பின்னாலேயே சுவரும் போயிருக்கும்.

விரிசலின் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டி, தேதி எழுதி வைப்பது எங்கள் பிட்டர்களின் வழக்கம். விரிசல் நகர்ந்தால் காகிதம் கிழியும். இந்த வருடம் மூன்று முறை கிழிந்தது. மூன்று முறையும் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திறந்திருந்த வால்வு வழியே கடல் தண்ணீர் ஏறி அந்த அறையின் புது டர்பைன் பாழாய்ப் போனது உண்மைதான். "மெஷின் போச்சே, யாரு பதில் சொல்றது?" என்று குதித்தார் மேனேஜர். "செவுரு நிக்குது, தெரு காஞ்சு கெடக்குது, அதுதான் சார் பதில்" என்றேன். அன்றே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, கண்ணா. பிழை என்னுடையது என்று கையெழுத்துப் போட்டால், விரிசலே இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் அதை யார் அடைப்பார்கள்? அடுத்த புயலுக்கு என் இடத்தில் நிற்பவள் உத்தரவுப்படி எட்டையும் மூடுவாள். சுவருக்குப் பின்னால் நம் தெரு மட்டுமா இருக்கிறது?

வியாழக்கிழமை கம்பெனியில் விசாரணை. கிழிந்த மூன்று காகிதங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கூட வருகிறேன் என்று அப்பா அடம் பிடிக்கிறார். வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடு என்று இன்னொரு முறை எழுதாதே. மேனேஜர் சொன்னால் மறுத்துவிடுவேன். நீ சொன்னால் போட்டுவிடுவேன்.

உன்
அம்மா