ஓடெஸா ஆம்புலன்ஸில் ஏறியது

என் அன்பே,

அலபாமாவில் நான் நலம். போன வாரம் வரை நோயாளிகளே வராமல் என் கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். உணவகம் நடத்தும் ஓடெஸாதான் காரணம். "அந்த சிகாகோக்காரிகிட்ட போறதுக்கு நம்ம மாட்டு டாக்டரே மேல்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

ஞாயிறன்று தேவாலய விருந்தில், பொரித்த கோழித் தட்டோடு நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்பு. ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்ததும் ஏறமாட்டேன் என்றாள்.

"நீயும் ஏறு. இல்லேன்னா இங்கேயே சாகுறேன்."

"என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்காதே?"

"பிடிக்கலதான். அதுக்காக முன்னப்பின்ன தெரியாதவன் கையில சாகச் சொல்றியா?"

பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை என் கையை விடவில்லை. வழியில், "நீ இங்கேயே இருப்பியா, இல்ல ஓடிடுவியா?" என்று கேட்டாள். "இருப்பேன்" என்றேன். நோயாளியைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

பிழைத்துக்கொண்டாள். இன்று என் கிளினிக் வாசலில் உட்கார இடமில்லை.

சிகாகோவில் விட்டுவந்த என் குளிர்கால அங்கியை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், இந்த ஊர் வெயிலில் அதற்கு வேலையில்லை; யாருக்காவது கொடுத்துவிடு. நீ வருவதாக இருந்தால் உன்னுடையதையும் கொடுத்துவிடலாம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மனைவி