ஸ்டெல்லா அக்காவின் கை நின்ற இடம்

12.8.2003, செவ்வாய்

பஞ்சு வைத்த குயில்ட் போர்வை தைக்கும் பெரிய மெஷினில் இன்று ரெகுலேட்டர் போய்விட்டது. ஊசித் தலையை நாம் எந்த வேகத்தில் நகர்த்தினாலும் தையலை ஒரே அளவில் விழவைப்பது அதுதான். அது இல்லையென்றால் ஊசி தன்பாட்டுக்குக் குத்திக்கொண்டே இருக்கும். நம் கைதான் வேகம் மாறாமல் போக வேண்டும். மெக்கானிக் நாளைதான் வருவாராம். சரக்கோ இன்றே துறைமுகம் போயாக வேண்டும்.

நான் தைத்தது கோழி கிளறியது மாதிரி இருந்தது. கூட வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா, "தள்ளுடி" என்றாள். "நான் ஜெபமாலை சொல்லிகினே ஓட்றேன். அது ஒரே வேகத்துல போவும்."

உதடு முணுமுணுக்க, கை போனது. தையல் அச்சடித்தது போல் விழுந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசிப் போர்வையில் மட்டும் ஓரிடத்தில் தையல் குவிந்து முடிச்சாகிக் கிடந்தது. சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் பிரித்துவிட உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, இங்க தூங்கிட்டியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நடுநடுவுல ஒவ்வொருத்தர் பேரா சொல்லி வேண்டிகினு வந்தேன். அங்க உன் பேரு வந்துச்சி. நாளைக்கு ஆஸ்பத்திரில உனுக்கு இன்னா சொல்வாங்களோன்னு நெனச்சேன். கை நின்னுட்ச்சி."

பிரித்துத்தான் ஆக வேண்டும், பிரித்தேன். நூலைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மணிக்கட்டில் கோயில் மஞ்சள் கயிற்றோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். அம்மனும் மாதாவும் அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தூக்கம் வருகிறது.