தெரியாதவர்களின் கடிதம்

செப்டம்பர் 17, செவ்வாய்

அமெரிக்க விசாவுக்கான ஐந்தாவது கடிதமும் இன்று வந்துவிட்டது. நான் சிறந்த ஆராய்ச்சியாளர் என்று ஐந்து பேராசிரியர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் கண்டதில்லை. என்னோடு பழகாதவர்கள் எழுதினால்தான் மதிப்பாம், விசா வேலையைப் பார்க்கும் சட்டத்தரணி சொன்னார்.

பின்னேரம் தன்னாமுனைக்குப் போய் அந்தோனி அண்ணனிடம் இதைச் சொன்னேன். பத்து வருடமாக நண்டு பிடித்து ஆராய அவருடைய தோணியில்தான் வாவிக்குள் போகிறேன்.

"நானும் ஒண்டு எழுதித் தாறன் மிஸ். மழை வெயில் பாக்காத ஆள் எண்டு."

"தெரிஞ்ச ஆக்கள்ற கடிதம் எடுபடாது அண்ணன்."

அவர் தோணியிலிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப தெரியாத ஆக்கள் என்னத்த எழுதுவாங்க?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதுதான் ஐந்தாவது கடிதத்தை ஒழுங்காக வாசித்தேன். நல்ல கடிதம். முதல் வரியிலிருந்து கடைசிவரை என்னை ஆண் என்று நினைத்து எழுதியிருக்கிறார்.