வறுத்த பார்லியில் ஒரு பியர்

அன்புள்ள அத்தான்,

உங்கள் படத்துக்கு முன்னால் வைத்த பியர் கடைத் தகர ரின்னில் வரும் பாகில் செய்தது. கோபிக்காமல் மிச்சத்தையும் கேளுங்கள்.

ரோவில் வீட்டில், உங்கள் கராஜில் அந்தப் பெரிய பானை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை வாங்கி, உடைத்து, சுடுநீரில் ஊறவைத்து, அதன் மாவே இனிப்பாகும்வரை அதற்குக் காவல் இருப்பீர்கள். நானோ கடையில் ரின்னில் விற்கும், முளைப் பார்லியில் காய்ச்சிய மோல்ட் பாகைக் கரைத்துக் காய்ச்சி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிடுவேன். "மச்சாள், அது பியர் இல்லை, தூளைக் கரைக்கிற பக்கெற் சூப்" என்பீர்கள். உங்களுக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். என் பியரை ஒரு தடவையாவது முழுக்கக் குடித்திருப்பீர்களா?

அக்காதான் இதைத் தொடங்கிவைத்தார். உங்கள் ஆண்டுத் திவசம் நெருங்கியது. ஐயர் போனபிறகு பின்னேரம் வைக்கிற படையலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கணவாய்க் கறி, இறால் பொரியல் எல்லாம் முடிவாகிவிட்டது.

"கடைப் பியர் வைக்கமாட்டன். அவர் கடைசியா வாங்கின பார்லி ஒரு வாளி கிடக்கு. நீ அதில செய்து தா பிள்ளை" என்றார்.

ரின் என்றால் எனக்குப் பழகின வேலை, பிழைக்காது. பார்லியில் நான் ஒருநாளும் செய்ததில்லை. ஆனாலும் உங்கள் பார்லியை விட்டுவிட்டு ரின்னை உடைக்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை வாளியைத் திறந்தேன். அப்படி ஒரு வாசம்! உங்கள் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் செய்வது போலவே உடைத்து ஊறவைத்தேன். ருசி பார்த்தால் இனிப்பே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். உங்கள் அலுமாரியில் இருந்த அயடினை எடுத்து ஒரு சொட்டு விட்டால் கறுத்துப்போகிறது. மா இன்னும் மாவாகவே இருக்கிறது.

அக்கா எட்டிப் பார்த்தார். "அந்துப்பூச்சி விழுந்திடும் எண்டு நான் அதைத் தாச்சியில வறுத்து வச்சனான். பிழையோ?"

அரிசி மா, பயறு, மிளகாய் என்று எதையும் வறுக்காமல் மூடிவைக்காத குசினி அவருடையது. பார்லி மட்டும் தப்புமா? வறுத்தால் மாவை இனிப்பாக்கும் சத்துச் செத்துவிடும் என்று அவருக்கு யார் சொன்னது? நீங்கள்தான் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு செய்தீர்களே.

அக்கா கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். "அவற்ற கடைசிச் சாமானையும் நான் கெடுத்துப்போட்டன்." செத்தவீட்டில்கூட அவர் இப்படி அழவில்லை அத்தான்.

என்னில் நம்பிக்கை இல்லாமல் காரில் ஒரு ரின் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்துவந்து, பார்லியை வடித்த பழுப்புத் தண்ணீரிலேயே பாகைக் கரைத்தேன்.

"அழாதேங்கோ அக்கா. நிறமும் வாசமும் நீங்கள் வறுத்த பார்லி தந்திட்டுது. இனிப்பை ரின் குடுக்கும். இந்தாங்கோ, கிண்டுங்கோ."

அகப்பையை வாங்கிக் கிண்டினார். உங்கள் பானையில் அக்கா கைவைத்தது அன்றுதான் முதல் தடவை.

ஈஸ்ட் போட்டுத் திவசம் வரைக்கும் புளிக்கவிட்ட பியர் கலங்கல்தான், மறைக்கவில்லை. ஆனால் வறுத்த மா வாசம் அடித்தது. படையல் முடிந்ததும், இத்தனை காலம் மது தொடாத அக்கா உங்கள் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"கைக்குது. இதுக்கோ அந்த மனுசன் கராஜுக்குள்ள கிடந்தது?"

பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

நீங்கள் குடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த முறை வறுக்காத பார்லி வாங்குவேன். உங்கள் முறையை ஒழுங்காகப் பழகுவேன், இது சத்தியம். ஒரு பிடியை மட்டும் அக்கா தாச்சியில் வறுத்துத் தருவார். கராஜ் கதவை இனிச் சாத்தமாட்டோம்.

பக்கெற் சூப்புக்காரி,
உங்கள் மச்சாள் வசந்தி